படிக்கிற ஒவ்வொரு இறையியலாளரும் சொல்வது சரி என்று தோன்றினால்

வணக்கம். ஜெர்மன் இறையியலாளர் ஷ்லையர்மாகரைப் படித்தால் அவர் பக்கம், மறுவாரம் சுவிஸ் இறையியலாளர் கார்ல் பார்த்தைப் படித்தால் இவர் பக்கம் என்று சாய்ந்துவிடுகிறேன், எனக்கென்று ஒரு விசுவாசமே இல்லையோ என்று பயமாக இருக்கிறது என எழுதியிருந்தீர்கள். எனக்கும் இரண்டு வருடம் அப்படித்தான் போனது.

கருத்துக்குள் போகும் முன், எழுதியவர் யாருக்குப் பதில் சொல்கிறார் என்று கேட்கப் பழகியதுதான் எனக்குக் கைகொடுத்தது. ஷ்லையர்மாகர் 1799-இல் மதத்தை இகழ்ந்த படித்தவர்களிடம் பேசினார். அதனால்தான் மனித அனுபவத்திலிருந்து தொடங்கினார். பார்த்தின் கதை வேறு. 1914-இல் ஜெர்மனியின் போரை ஆதரித்து 93 அறிஞர்கள் கையெழுத்திட்டார்கள். அதில் தன் ஆசிரியர் ஹார்னாக்கின் பெயரும் இருந்ததைக் கண்டு, மனித அறிவையும் அனுபவத்தையும் அடிப்படையாகக் கொண்டு தான் கற்ற தாராளவாத இறையியலையே சந்தேகிக்க ஆரம்பித்தார். பைபிளின் ரோமர் நிருபத்துக்கு அவர் எழுதிய விளக்கவுரையின் 1922 பதிப்பைத் திறந்து பாருங்கள், அந்த அதிர்ச்சி வரிக்கு வரி கேட்கும்.

இருவரிடமும் மனம் அசைவது பலவீனம் இல்லை, நீங்கள் உண்மையாகவே கேட்கிறீர்கள். உடனே கட்சி சேர வேண்டாம். ஜெபத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். நான் விட்டேன், திரும்பி வர ரொம்ப நாள் ஆனது.

அடுத்து ஜெர்மன் இறையியலாளர் மோல்ட்மனைப் படிப்பதென்றால், இரண்டாம் உலகப் போரில் பிடிபட்டு, போர்க்கைதி முகாமில் கையில் பைபிள் கிடைத்த இளைஞன் அவர் என்பதை நினைத்துக்கொண்டு படியுங்கள்.