0/0/0-வை மனப்பாடம் செய்யாதீர்கள்

சிஸ்கோ ரவுட்டரின் சீரியல் போர்ட் (தொலைதூர இணைப்புக்கான கேபிளைச் செருகும் இடம்) புத்தகத்தில் சீரியல் 0/0 என்று இருக்கிறது, சீனியரின் லேப் நோட்டில் 0/0/0 என்று இருக்கிறது, தேர்வுக்கு எதைப் படிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே சரி. மனப்பாடம் செய்வதுதான் சிக்கல்.

அந்த எண்ணை போர்ட்டின் விலாசமாகப் பாருங்கள். சிஸ்கோவின் பழைய 2500 வரிசையில் பெரும்பாலும் போர்ட்டுகள் பெட்டியோடு வந்தவை. சீரியல் 0, சீரியல் 1 என்றாலே போதும். 2600-இல் போர்ட்டுகள் உள்ள கார்டைத் தனியாகச் செருகலாம், எனவே ஸ்லாட் (கார்டு செருகும் இடம்), போர்ட் என இரண்டு எண்கள். 1841, 1941, 2911 போன்றவற்றில் மூன்று. 0/1/0 என்றால் முதல் 0 ரவுட்டரின் மதர்போர்டு, நடு 1 கார்டு உட்கார்ந்திருக்கும் ஸ்லாட், கடைசி 0 அந்தக் கார்டின் போர்ட்.

1941-இல் இரண்டு போர்ட் கார்டை ஸ்லாட் 0-இல் செருகினால் 0/0/0, 0/0/1. அதே கார்டைப் பக்கத்து ஸ்லாட்டுக்கு மாற்றினால் 0/1/0, 0/1/1. வீடு மாறினால் கதவு எண் மாறுவதுபோல, அவ்வளவுதான். சிஸ்கோவின் பயிற்சி மென்பொருளான பாக்கெட் ட்ரேசரில் ரவுட்டரை ஆஃப் செய்துவிட்டு இதை நீங்களே ஒருமுறை மாற்றிப் பாருங்கள், அப்புறம் மறக்காது. 4321-இல் 0/0 இடத்தை அதன் சொந்த கிகாபிட் போர்ட்டுகள் பிடித்துவிடுவதால் சீரியல் கார்டின் எண் 0/1/0-இல் தொடங்கும்.

தேர்வில் உட்கார்ந்ததும் முதலில் 'ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் பிரீஃப்' அடியுங்கள். உங்கள் ரவுட்டரில் இருக்கும் எண்களை அதுவே வரிசையாகக் காட்டும். இதைச் செய்யாமல் நோட்டில் உள்ள எண்ணையே திரும்பத் திரும்ப அடித்து, எரர் வந்ததும் கேபிளைப் பிடுங்கி மாற்றும் மாணவர்கள் நிறைய. அடுத்து 'ஷோ கன்ட்ரோலர்ஸ் சீரியல்' கட்டளையோடு எண்ணைச் சேர்த்து அடித்தால் உங்கள் முனை டிசிஇ-யா (க்ளாக் சிக்னலைக் கொடுக்கும் முனை) டிடிஇ-யா (அதை வாங்கும் முனை) என்று தெரியும். க்ளாக் ரேட், அதாவது இணைப்பின் வேகத்தை, டிசிஇ முனையில் மட்டும்தான் கொடுக்க வேண்டும். க்ளாக் சிக்னல் கிடைக்காவிட்டால் இன்டர்ஃபேஸ் அப் என்று காட்டும், ப்ரோட்டோகால் டவுனிலேயே நிற்கும்.

வேலைக்கு இதெல்லாம் உதவுமா என்றும் கேட்டிருந்தீர்கள். 2020-இல் வந்த சிசிஎன்ஏ (சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழ்த் தேர்வு) 200-301 பாடத்திட்டத்தில் பிபிபி (சீரியல் இணைப்பில் ஓடும் ஒரு ப்ரோட்டோகால்) போன்ற சீரியல் பகுதிகளையே எடுத்துவிட்டார்கள். ஆனால் எண் படிக்கும் பழக்கம் வீண்போகாது. ஸ்டேக் செய்த (பல ஸ்விட்சுகளை ஒன்றாக இணைத்த) கேட்டலிஸ்ட் 9300 ஸ்விட்சில் 1/0/24 என்று பார்ப்பீர்கள்: முதல் எண் ஸ்டேக்கில் எந்த ஸ்விட்ச், நடு எண் மாட்யூல், கடைசி எண் போர்ட். இங்கே போர்ட் எண் 1-இல் தொடங்கும், அதை மட்டும் கவனியுங்கள்.