உரிமைகளைப் பட்டியல் போடுவது ஆபத்தா?

அன்புள்ள ஐயா,

அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து 1787-88இல் எழுதப்பட்ட ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளை இப்போதுதான் படித்து முடித்தேன். 84ஆம் கட்டுரையில், அவற்றை எழுதியவர்களில் ஒருவரான ஹாமில்டன், அரசியலமைப்பில் மக்களின் உரிமைகளைப் பட்டியல் போடத் தேவையில்லை, அது ஆபத்தும்கூட என்கிறார். பத்திரிகைகளைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தையே அரசுக்குத் தராதபோது, ‘கட்டுப்படுத்தக் கூடாது’ என்று எதற்கு எழுத வேண்டும்? எனக்கு அது சரியாகவே படுகிறது. பிறகு எப்படி உரிமைகளைப் பட்டியலிடும் முதல் பத்துத் திருத்தங்கள் வந்தன?

வாசகி ஒருவர், திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

அந்தக் கட்டுரையோடு நிறுத்திக்கொண்டால் யாருக்கும் மனம் ஹாமில்டன் பக்கம்தான் சாயும். எதிர்த்தரப்பையும் படியுங்கள். அதே நியூயார்க்கில் ‘புரூட்டஸ்’ என்ற புனைபெயரில் ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். ஹாமில்டனின் வாதத்தை, அரசியலமைப்புச் சாசனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வில்சன் 1787 அக்டோபரிலேயே ஃபிலடெல்ஃபியாவில் பேசிவிட்டார். அடுத்த மாதமே புரூட்டஸின் இரண்டாம் கட்டுரை அதன் அடிமடியில் கை வைத்தது. ஆட்கொணர்வு உரிமையை நிறுத்தக் கூடாது, பிரபுப் பட்டங்கள் தரக் கூடாது என்றெல்லாம் இந்தச் சாசனத்திலேயே எழுதியிருக்கிறீர்களே, அவற்றைச் செய்யும் அதிகாரத்தை எங்கே கொடுத்தீர்கள் என்று கேட்டார். கொடுக்காத அதிகாரத்துக்குத் தடை தேவையில்லை என்றால் இந்தத் தடைகள் எதற்கு? 84ஆம் கட்டுரை உட்பட எங்குமே இதற்கு நேரான பதில் எனக்குக் கிடைத்ததில்லை.

இத்தனைக்கும் விஷயம் சாசனத்தை எழுதிய மாநாட்டிலேயே முடிந்திருக்கலாம். 1787 செப்டம்பர் 12 அன்று வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன், சில மணி நேரத்தில் ஒரு பட்டியல் தயாரித்துவிடலாம் என்றார். எல்பிரிட்ஜ் கெர்ரி தீர்மானம் கொண்டுவந்தார். ஒரு மாநிலம்கூட ஆதரிக்கவில்லை. மே மாதக் கடைசியிலிருந்து உட்கார்ந்திருந்தவர்கள், வீட்டுக்குப் போகும் அவசரம் என்றுதான் நினைக்கிறேன். ஐந்து நாள் கழித்து 39 பேர் கையெழுத்திட்டபோது இவர்கள் இருவரும் மறுத்துவிட்டார்கள். (அடிமைகளை வைத்திருந்த மேசன்தான் உரிமைக்காக வாதாடினார் என்பதையும் மறக்க வேண்டாம்.)

அப்புறம் சாசனம் ஒப்புதலுக்காக மாநிலங்களுக்குப் போனது. மாசசூசெட்ஸில் 187க்கு 168 என்ற வாக்குக் கணக்கில்தான் தேறியது, அதுவும் திருத்தங்களைப் பரிந்துரைத்த பிறகுதான். வர்ஜீனியாவில் 89க்கு 79. மாநாட்டில் முக்கியப் பங்காற்றிய, பட்டியல்மீது பெரிய நம்பிக்கை இல்லாத மேடிசனை இந்த நெருக்கடிதான் மாற்றியது. தோல்தாளில் எழுதிய தடுப்புகளை, அதாவது உரிமைப் பட்டியல்களை, பெரும்பான்மையினர் மீறுவதைப் பார்த்திருக்கிறேன் என்று 1788 அக்டோபரில் தன் நண்பர் ஜெஃபர்சனுக்கு எழுதியவர் அவர். அடுத்து வந்த காங்கிரஸ் (நாடாளுமன்றத்) தேர்தலில் ஜேம்ஸ் மன்றோவை எதிர்த்து நின்றபோது, திருத்தங்களுக்குப் பாடுபடுவேன் என்று வாக்குக் கொடுத்தார். 1789 ஜூன் 8 அன்று அவரே அவற்றைக் காங்கிரஸில் முன்வைத்தார். 1791 டிசம்பரில் பத்து நிறைவேறின.

அதில் ஒன்பதாவதை மட்டும் மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்கள். சில உரிமைகளை இங்கே சொல்லியிருப்பதால், மக்களிடம் உள்ள மற்ற உரிமைகள் இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது என்கிறது அது. பட்டியல் போட்டால் விட்டுப்போனவை பறிபோகும் என்று பயந்தவர்களுக்கு மேடிசன் பட்டியலுக்குள்ளேயே எழுதிவைத்த பதில் அது.

அன்புடன்.