வளர்ச்சிக் காரணி எப்படி நோயெதிர்ப்பை அடக்குகிறது?

"செல்லை வளர்க்கும் காரணி, உடலின் சொந்தத் திசுவைத் தாக்காமல் இருக்கும் சகிப்பை எப்படி உண்டாக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பெயரைப் பார்த்துக் குழம்பியிருப்பீர்கள். தப்பு உங்கள்மேல் இல்லை, பெயர் வைத்ததில் இருக்கிறது. நீங்கள் கேட்கும் காரணி டிஜிஎஃப்-பீட்டா (உருமாற்று வளர்ச்சிக் காரணி). அது டி செல்களின், அதாவது நோயெதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகையின், பெருக்கத்தைத் தடுக்கும் சரக்கு. அதன் முதல் வகைக்கான மரபணுவை நீக்கிய எலிக்குஞ்சுகள் மூன்று நான்கு வாரத்தில் பல உறுப்புகளிலும் அழற்சி பரவி இறந்துவிடும் என்பது 1992-லேயே தெரியும்.

செல்கள் இதைப் பூட்டித்தான் வெளியே விடுகின்றன. மேலே ஒரு புரத உறை இறுக்கிப் பிடித்திருக்கும். பெரும்பாலும், பக்கத்துச் செல்லின் மேற்பரப்பில் உள்ள இன்டெக்ரின் என்ற புரதம் அந்த உறையைப் பற்றினால்தான் காரணி செயல்படும். பிறகு சைகையைக் கடத்தும் ஸ்மாட் புரதங்கள் உட்கருவுக்குள் போய், ஐஎல்-2 (செல்களுக்கிடையே சைகை தரும் இன்டர்லூகின் புரதங்களில் ஒன்று) துணையோடு ஃபாக்ஸ்பி3 மரபணுவை இயக்கும். இதனால், இன்னும் எதிரியைச் சந்திக்காத அனுபவமில்லாத டி செல், மற்ற நோயெதிர்ப்புச் செல்களை அடக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்லாக மாறும். கூடவே ஐஎல்-6 என்ற இன்னொரு இன்டர்லூகின் இருந்தால் கதையே வேறு: அதே காரணி அழற்சியைத் தூண்டும் டிஎச்17 செல்லை உருவாக்கும். குடலில் வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் ரெட்டினாயிக் அமிலம் தராசைச் சகிப்பின் பக்கம் சாய்க்கிறது.

"ஐஎல்-10 எங்கே?" என்று யாராவது வருவார்கள். நோயெதிர்ப்பை அடக்கும் இன்டர்லூகின் அது; முக்கியம்தான், ஆனால் வளர்ச்சிக் காரணி இல்லை. ஈஜிஎஃப் (மேற்தோல் வளர்ச்சிக் காரணி) குடும்பத்து ஆம்ஃபிரெகுலினைக் கேட்டால் நியாயம்; அது ஒழுங்குபடுத்தும் செல்களின் அடக்கும் திறனைக் கூட்டுகிறது.

எதிர்ப்பு சக்தியை "கூட்டு, கூட்டு" என்று விளம்பரம் செய்பவர்கள்மேல் எனக்குக் கோபம் உண்டு. உடல் தன் திசுவையே தாக்கும் லூபஸ் நோய் உள்ளவருக்குக் குறைந்திருப்பது எதிர்ப்பு அல்ல, கட்டுப்பாடு.

நீங்கள் ஒழுங்குபடுத்தும் டி செல்லை உருவாக்கிப் பார்க்கும் ஆய்வக மாணவர் என்றால்: மில்லிலிட்டருக்கு 2 முதல் 5 நானோகிராம் டிஜிஎஃப்-பீட்டா, 100 யூனிட் ஐஎல்-2, டி செல்லைத் தூண்ட அதன் மேற்பரப்புப் புரதங்களான சிடி3, சிடி28 ஆகியவற்றைப் பற்றும் எதிர்ப்பான்கள், மூன்று நான்கு நாள். சிடி28 தூண்டலை ஓங்கவிட்டால் ஃபாக்ஸ்பி3 சரியும். காரணியை 4 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், ஆல்புமின் சேர்த்துக் கரையுங்கள். இல்லாவிட்டால் பிளாஸ்டிக்கில் ஒட்டிப்போகும். மனித டி செல் என்றால் ஃபாக்ஸ்பி3 தெரிந்ததுமே வெற்றி என்று எண்ண வேண்டாம். தூண்டப்பட்ட சாதாரண டி செல்லும் அதைக் கொஞ்ச காலம் காட்டும். அது மற்ற டி செல்களின் பெருக்கத்தை உண்மையிலேயே அடக்குகிறதா என்ற சோதனையைச் செய்தே தீரவேண்டும்.

டிஜிஎஃப்-பீட்டாவை எலைசாவில் (எதிர்ப்பானால் புரதத்தை அளக்கும் சோதனை) அளக்கும்போது மாதிரியை அமிலமாக்கிப் பூட்டைத் திறந்து, பிறகு நடுநிலையாக்க வேண்டும். ரத்தத்தில் அளப்பதானால் சீரம் வேண்டாம்: உறையும்போது தட்டணுக்கள் தங்களிடம் உள்ளதைக் கொட்டிவிடும். தட்டணு நீக்கிய பிளாஸ்மா எடுங்கள். மாட்டுச் சீரம் கலந்த ஊடகம் செல்லே இல்லாமலும் அளவு காட்டும், ஏனென்றால் முதிர்ந்த டிஜிஎஃப்-பீட்டா1 மாட்டுக்கும் மனிதனுக்கும் ஒன்றேதான். வெற்று ஊடகத்தையும் ஒரு குழியில் வைத்துக் கழித்துக்கொள்ளுங்கள்.