பழைய படப்பாட்டு, புதிய பதிப்பு: எதற்குக் காசு கொடுக்கலாம்?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. வேலை, பிள்ளைகள் என்று ஓடிய காலத்தில் கேட்காமல் விட்ட எழுபது, எண்பதுகளின் படப்பாட்டுகளை இப்போதுதான் தேடித் தேடிக் கேட்கிறேன். கடைத்தெருவில் ஒருவர் ‘எச்.டி. ரீமாஸ்டர்’ என்று சொல்லி ஆயிரக்கணக்கான பாட்டுகளை பென் டிரைவில் போட்டுத் தருகிறார். மகனோ மாதச் சந்தா கட்டும் செயலியை எடுங்கள் என்கிறான். எது நல்லது ஐயா? (உவர்மலை)

பதில்: மகன் சொல்வதைக் கேளுங்கள் ரீச்சர். இப்படி விற்கும் பென் டிரைவ்களில் பெரும்பாலும் இணையத்தில் இறக்கிய எம்.பி.3 கோப்புகள்தான் இருக்கும். எம்.பி.3 ஆக்கும்போது வெட்டிப்போட்ட ஒலி பிறகு என்ன செய்தாலும் திரும்பி வராது. நன்றாகச் சுருக்கிய 128 கிலோபிட் கோப்பில் ஏறத்தாழ 16 கிலோஹேர்ட்சுக்கு மேல், அதாவது மிக உச்சமான கூர் ஒலிகளில், ஒன்றும் மிஞ்சாது. அதையே பெரிய கோப்பாக மாற்றி ‘எச்.டி.’ என்று பெயர் வைத்தால் இடம்தான் கூடப் பிடிக்கும். சந்தேகம் என்றால், ஒடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் ஒரு பாட்டைத் திறந்து ஒலியைப் படமாக, கூர் ஒலிகள் மேலே வரும்படி காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சியைப் பார்க்கச் சொல்லுங்கள் மகனிடம். மேல்பகுதி கத்தியால் நறுக்கியதுபோல் வெறுமையாக இருந்தால் விஷயம் விளங்கிவிடும். அந்தப் பாட்டைச் செய்தவர்களுக்கும் இதில் ஒரு சதம்கூடப் போகாது.

ஆனால் செயலிக்குப் போனாலும் ‘ரீமாஸ்டர்’, அதாவது பழைய பதிவை மறுபடி சீராக்கியது, என்ற சொல்லை நம்பிக் காசு கட்டாதீர்கள். எதிலிருந்து எடுத்தார்கள் என்பதுதான் முக்கியம். ஒலிப்பதிவுக் கூடத்தின் மூலநாடாவிலிருந்து எடுத்ததும், தேய்ந்த இசைத்தட்டிலிருந்து எடுத்ததும், யாரோ வைத்திருந்த கசெற்றிலிருந்து எடுத்ததும் ஒரே சொல்லோடுதான் வெளிவருகின்றன. எது என்று அட்டையில் எழுதுகிறவர்கள் குறைவு. அதனால் காதைத்தான் நம்பவேண்டும். ஸ்பொட்டிஃபை என்ற பாட்டுச் செயலி 2021 இல் இலங்கைக்கு வந்துவிட்டது, விளம்பரத்தோடு இலவசமாகவும் கேட்கலாம். சந்தாவை அப்புறம் யோசியுங்கள்.

பல்லவி முடிந்து வரும் இடையிசையைக் கவனியுங்கள். தனி வீணையோ புல்லாங்குழலோ மெல்லத் தொடங்கி, பிறகு வயலின்கள் சேர்ந்து எழும்ப வேண்டும். எல்லாமே ஒரே சத்தத்தில் முகத்துக்கு நேரே வந்தால், ஒலியளவை உயர்த்துவதற்காக ஏற்ற இறக்கத்தை நசுக்கிவிட்டார்கள் என்று அர்த்தம். முதல் தடவை கேட்க அது ‘தெளிவாக’ இருப்பதுபோல் தோன்றும், நாலு பாட்டுக்குள் காது களைத்துவிடும். பழக ஒரு நல்ல இடம், ஹரிபிரசாத் சௌராசியாவின் குழலோடு இளையராஜா 1988 இல் தந்த ‘நத்திங் பட் விண்ட்’ என்ற இசைத்தொகுப்பு. குழலுக்குள் மூச்சு இறங்குகிற சத்தம்வரை கேட்கிறதா பாருங்கள்.

வீட்டில் ஆர்மோனியம் இருந்தால் பாட்டின் ஆதார சுருதியைப் பிடித்துப் பாருங்கள். ஒரு படத்தின் எல்லாப் பாட்டும் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விழுந்தால், நாடா ஓடிய வேகம் பிசகியிருக்கக்கூடும். ‘ஸ்டீரியோ’ என்ற சொல்லையும் கவனியுங்கள், இடம் வலம் இரண்டிலும் வேறுவேறு ஒலி வருவது அது. 1978 இல் வந்த ‘ப்ரியா’ படத்தின் பாட்டுகள் ஸ்டீரியோவில் பதிவானவை, சரி. அறுபதுகளின் படப்பாட்டு ‘ஸ்டீரியோ’ என்று வந்தால் யோசியுங்கள். ஒரே தடத்தில் பதிவான மோனோவை இரண்டாகப் பரப்பியதாகவோ புது டிரம் சேர்த்ததாகவோ இருக்கும். மோனோ ஒரு குறையே இல்லை. எனக்குக் கேட்டால் அந்தப் பாட்டுகளுக்கு அதுதான் அழகு.

இன்னொன்று. சந்தா கட்டி இறக்கிவைத்த பாட்டு உங்களுக்குச் சொந்தமில்லை. உரிமை ஒப்பந்தம் மாறினால் ஒரு நாள் காணாமல் போகும். உயிராய் நேசிக்கும் நாலைந்து தொகுப்புகளையாவது இறுவட்டாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பற்றுச்சீட்டோடு.

கேள்வி: அப்பா விட்டுப்போன கசெற்றுகளில் எங்கள் ஊர்ப் பொப்பிசைப் பாட்டுகள் இருக்கின்றன. செயலியில் தேடினால் பாதிகூடக் கிடைக்கவில்லை. நாடாவில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. எறிந்துவிடவா? (பாலையூற்று)

பதில்: தயவுசெய்து எறியாதீர்கள்! திருகோணமலையின் பரமேஷ், கோணேஷ் சகோதரர்களும் பொப்பிசைப் பாடகர் ஏ.ஈ. மனோகரனும் பாடித் திரிந்த காலத்து ஒலி அது. ‘குத்துவிளக்கு’ (1972), ‘வாடைக்காற்று’ (1978) போன்ற நம்மவர் இலங்கைத் தமிழ்ப் படங்களின் பாட்டுகளுக்கும் இதே நிலைமைதான். தமிழகத்துப் படப்பாட்டுக்குப் பின்னால் பெரிய நிறுவனங்கள் இருக்கின்றன. நம்முடையதற்கு உங்கள் அப்பாவின் அலுமாரிதான் இருக்கிறது.

அந்த வெள்ளை பூஞ்சணம். கடல்காற்றும் ஈரமும் உள்ள ஊரில் வராமல் இராது. அப்படியே போட்டுப் பாடவிடாதீர்கள், நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கசெற்றுக்கும் பரவும். கசெற்றின் வாய்ப்பக்கம் பாருங்கள், நாடாவுக்குப் பின்னால் சின்னத் தகட்டில் ஒரு கம்பளித் துண்டு இருக்கும். பசை காய்ந்து அது விழுந்திருந்தால் சத்தம் மங்கிக் கேட்கும், பாட்டு அழிந்துவிட்டது என்று நினைப்போம். திருகாணி போட்ட கசெற் என்றால் கழற்றி, நாடாவை வேறொரு நல்ல கூட்டுக்குள் மாற்றிவிடலாம்.

பாட்டைக் கணினிக் கோப்பாக மாற்றிக் கொடுப்பவரிடம் முதலில் ஒரேயொரு கசெற்றைக் கொடுங்கள். எம்.பி.3 அல்ல, ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாக வேண்டும் என்று கேளுங்கள். இரைச்சலைத் துடைக்கவேண்டாம் என்றும் சொல்லுங்கள். துடைக்கும்போது பாடுபவரின் மூச்சும் சேர்ந்து போய்விடும். அதைப் பிறகு ஆறுதலாகச் செய்யலாம். கசெற்றுக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே பேசி, பற்றுச்சீட்டு வாங்குங்கள். கேட்டால் தரவேண்டியது வியாபாரியின் கடமை, 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் இருக்கிறது. தகராறு வந்தால் அந்த அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி எண்ணை அழையுங்கள். வேலை முடிந்ததும் கசெற்றைக் கையோடு திருப்பி வாங்கிவிடுங்கள்.

கேள்வி: 24 பிட் ‘ஹை-ரெஸ்’ பதிப்புக்குக் கூடக் காசு கேட்கிறார்கள். என்னிடம் இருப்பது புளூடூத் ஸ்பீக்கர். வாங்கலாமா? (நிலாவெளி)

பதில்: வேண்டாம். ‘ஹை-ரெஸ்’ என்பது இறுவட்டைவிட நுணுக்கமாகப் பதிந்த பெரிய கோப்பு. சாதாரண புளூடூத் ஸ்பீக்கர்கள் பாட்டைச் சுருக்கித்தான் வாங்கும். இறுவட்டின் 16 பிட், 44.1 கிலோஹேர்ட்ஸே வீட்டில் கேட்கத் தாராளம். ஸ்பீக்கரில் வயர் குத்தும் துளை இருந்தால் முதலில் அதைப் பாவித்துப் பாருங்கள், வயருக்குப் பெரிய செலவில்லை.