540 வெள்ளிக்கு ஒரு பட்டதாரி

கேள்வி: என் மகள் 2025இல் பட்டம் வாங்கினாள். இன்னும் நிரந்தர வேலை அமையவில்லை. சிங்கப்பூர் அரசாங்கம் புதுப் பட்டதாரிகளுக்கு நடத்தும் 'கிரிட்' வேலைப்பயிற்சித் திட்டத்தில் சேரலாமா என்று கேட்கிறாள். கம்பெனிகளுக்கு மலிவாக ஆள் பிடித்துக் கொடுக்கும் வேலை இது என்கிறார் என் கணவர். வீட்டில் சும்மா இருப்பதற்கு இது மேல் இல்லையா?
– ஒரு வாசகி, ஈசூன்

பதில்: உங்கள் வீட்டுக்காரர் சொல்வதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். மாதப் படி 1,800 முதல் 2,400 வெள்ளி வரை. அதில் 70 விழுக்காட்டை அரசாங்கம் தருகிறது. 1,800 வாங்கும் பிள்ளைக்குக் கம்பெனியின் கையிலிருந்து போவது வெறும் 540 வெள்ளி. இந்த விலைக்கு மூன்று முதல் ஆறு மாதம் வரை ஒரு முழுநேரப் பட்டதாரி! தேக்கா சந்தையில்கூட இப்படி ஒரு மலிவு கிடையாது.

படி என்பது சம்பளம் அல்ல. அதனால், ஓய்வுக்கும் வீட்டுக்கும் சேரும் மத்திய சேம நிதியும் இல்லை. அதே 1,800 சம்பளமாக வந்திருந்தால் முதலாளியின் பங்கு 17 விழுக்காடு, அதாவது மாதம் 306 வெள்ளி, அவள் கணக்கில் ஏறியிருக்கும். நாளைக்கு பிடிஓ எனும் புது வீவக வீட்டுக்கு மனுப்போடும்போதுதான் அதன் அருமை தெரியும்.

சரி, அதற்காக உங்கள் வீட்டுக்காரர் கட்சியில் முழுசாகச் சேரவும் எனக்கு மனமில்லை. பிரிட்டனில் வேலையில்லாதோருக்கான உதவித்தொகையை நிறுத்திவிடுவோம் என்று மிரட்டி, நிலவியல் படித்த ஒரு பட்டதாரியைச் சம்பளமே இல்லாமல் மலிவு விலைக் கடையில் வேலை பார்க்க வைத்தார்கள். அந்த விதிமுறைகள் செல்லாது என்று 2013இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கே உங்கள் மகளை யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை.

எனக்குக் கவலை, போய்ச் சேரும் இடத்தைப் பற்றித்தான். 2020இல், கொவிட் நேரத்தில் வந்த எஸ்ஜியுனைடெட் வேலைப்பயிற்சியில் அரசாங்கத்தின் பங்கு 80 விழுக்காடு. எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் அதில் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தான். பழைய இன்வாய்ஸ்களை ஸ்கேன் செய்வது, கோப்புக்குப் பெயர் வைப்பது, மறுபடி ஸ்கேன் செய்வது. மாதக்கணக்கில் இதே வேலை. அவன் கிளம்பிய மறுவாரம் அதே நாற்காலியில் அடுத்த பயிற்சிப் பிள்ளை. தன் பணம் போகாத இடத்தில் எந்த முதலாளிக்கும் சொல்லிக்கொடுக்கும் அவசரம் வராது. அரசாங்கத்தின் பங்கு இப்போது 70 ஆகக் குறைந்ததை நான் வரவேற்கிறேன். 50 ஆகக் குறைத்தால் இன்னும் மகிழ்வேன். அப்போது பாதிக் கம்பெனிகள் காணாமல் போகும், போகட்டுமே.

ஆகவே நேர்முகத்தில் மகள் தைரியமாக ஒன்று கேட்கட்டும்: "எனக்கு முன்னால் இங்கே பயிற்சிக்கு வந்தவர் இப்போது எங்கே இருக்கிறார்?" 'இங்கேயேதான், பக்கத்து மேசையில்' என்றால் தாராளமாகச் சேரலாம். மேலதிகாரி மழுப்பினால் அடுத்த இடம் பார்க்கட்டும்.

அப்புறம், விண்ணப்பம் எழுதி எழுதிச் சலித்துப்போன பிள்ளையைச் 'சும்மா இருக்கிறாள்' என்று சொல்லாதீர்கள் அம்மா. பயிற்சிக்குப் போனாலும் அவள் வேலை தேடிக்கொண்டேதான் இருக்க வேண்டும். இரண்டாவது மாதத்திலேயே எங்காவது நிரந்தர வேலைக்குக் கடிதம் வந்தால், முறையாகச் சொல்லிவிட்டுக் கிளம்பட்டும். 'எடுத்த காரியத்தைப் பாதியில் விடக்கூடாது' என்று அன்றைக்கு நீங்கள் குறுக்கே நிற்காதிருந்தால் போதும்.