ஒரே ஊசிய எத்தன தடவ குத்தலாம்? சுகர்காரங்க கேட்டதும் நான் சொன்னதும்

நான் ரிட்டயர்டு ஸ்டாஃப் நர்ஸ், நாகர்கோவில் பக்கம். எனக்கும் 14 வருஷமா சுகர் உண்டு, தினமும் விரல்ல குத்துதவதான். போன வாரம் லான்செட்ட, அதான் ரத்தத்துளி எடுக்க விரல்ல குத்துத குட்டி ஊசிய, திரும்பத் திரும்ப குத்துறத பத்தி ஒரு வார்த்த சொன்னதுக்கு இத்தன கேள்வி வந்து கெடக்கு, முடிஞ்ச மட்டும் சொல்லுதேன். இன்சுலின் எத்தன யூனிட் போடணும்னு மட்டும் எங்கிட்ட கேக்காதீங்க, அது உங்க டாக்டர் சொல்ல வேண்டியதாக்கும்.

தக்கலை அண்ணன்: சிஸ்டர், ஒரே லான்செட்ட ரெண்டு மாசமா வச்சிருக்கேன், ஒண்ணும் ஆகல. ஒரு தடவதான்னு கவர்ல போட்டிருக்கது யாவாரத்துக்குத்தானே?

யாவாரமும் கொஞ்சம் இருக்கும், இல்லன்னு சொல்லல. ஆனா அந்த முனைய அவ்வளவு நைசா தீட்டியிருக்கான், ரெண்டு மூணு குத்து குத்துனா மழுங்கிரும், பொறவு அது குத்தாது, கிழிக்கும். வலி கூடிக்கிட்டே வந்திருக்கும், லான்செட்ட மாட்டி குத்துற பேனாவுல ஆழத்துக்கு உள்ள நம்பர 2-ல இருந்து 4-க்கு ஏத்தியிருப்பீங்க, சரிதானா? உள்ளத சொன்னா, சொந்த லான்செட்ட திரும்ப குத்தி விரல் பழுத்து வந்த ஆளுகள நான் ரொம்ப கண்டதில்ல. நானும் ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு வச்சு ஓட்டினவதான், கைய சோப்பு போட்டு கழுவி, வேற யாரும் தொடாம. முறைப்படி அதுவும் தப்புதான். டயாலிசிஸ் பண்ணுதவங்க, புண்ணு சீக்கிரம் ஆறாதவங்களுக்கு அந்த சலுகையே கெடையாது, தடவைக்கு ஒண்ணு. காசுன்னு பாத்தா பர்ச காலி பண்ணுறது சுகர் மீட்டர்ல சொருகுத ஸ்ட்ரிப்புதான் அண்ணே, லான்செட் விலை அது பக்கத்துல வராது.

மார்த்தாண்டம் தங்கச்சி: ஸ்பிரிட்ல முக்கி எடுத்தா புதுசு மாதிரி ஆகுமா? மாமி வெந்நியில போட்டு எடுக்காங்க.

ஆகாது மக்கா. மழுங்குன முனைய எந்த ஸ்பிரிட்டும் நிமித்தாது, மேல வழவழப்புக்கு பூசியிருக்கதும் தொடச்சா போயிரும். மாமிட்ட பைய சொல்லு.

குளச்சல்ல இருந்து ஒருத்தர்: எனக்கும் வீட்டுக்காரிக்கும் சுகர். ஒரே பேனா, ஒரே ஊசி. புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்ன இருக்கு?

நிறைய இருக்கு. திரும்ப குத்துறது சின்ன தப்பு, பங்கு வைக்கிறது பெரிய தப்பு, ரெண்டையும் ஒரே தராசுல வைக்காதீங்க. ஹெபடைடிஸ் பி கிருமி காஞ்ச ரத்தத்துலயும் 7 நாள் வர உசுரோட கெடக்கும், கண்ணுக்கு ரத்தம் தெரியணும்னுகூட இல்ல. ஊசிய மட்டும் மாத்திட்டு பேனாவ பொதுவா வச்சாலும் போதாது, பேனா வாயிலயும் ரத்தம் ஒட்டும், ஆளுக்கொண்ணு வாங்குங்க. மீட்டர் ஒண்ணா இருந்தா தொடச்சு தொடச்சு வச்சுக்கிடுங்க. மக்களைத் தேடி மருத்துவம்னு வீட்டுக்கு வந்து டெஸ்ட் பண்ணும்போதும், கேம்புலயும், உங்க முன்னாடி புது ஊசி பிரிக்காங்களான்னு பாருங்க, வெக்கப்படாம கேளுங்க.

குலசேகரம் தம்பி: அப்பா ரப்பர் பால் வெட்டுதவரு, விரலெல்லாம் காச்சுப் போயிருக்கு, ரத்தமே வரல. கால் விரல்ல குத்தலாமா?

கால்ல தொடவே தொடாத தம்பி. சுகர்காரங்க கால்ல ஒரு சின்ன புண்ணு என்ன பாடு படுத்தும்னு வார்டுல கண்டிருக்கேன். விரல் நுனி நடுவுல குத்தாம ஓரத்துல குத்தச் சொல்லு, அங்க தோலும் மெலிசு, வலியும் கம்மி. வெதுவெதுப்பான தண்ணியில கழுவி, கைய கீழ தொங்கப்போட்டு நல்லா உதறி, அடியில இருந்து நுனிக்கு மெதுவா தடவிக் கொண்டு வந்தா துளி வந்துரும். நுனியப் போட்டு பிதுக்குனா நீரும் கலந்து அளவு மாறிரும்.

பேச்சிப்பாறை அக்கா: காலையில வெறும் வயித்துல 290 காட்டிச்சு, அழுதே போட்டேன். அரை மணி கழிச்சு 142.

சக்கை (பலாப்பழம்) உரிச்சீங்களா? மட்டிப்பழம் தோலு உரிச்ச கையானாலும் இதுதான் கத, விரல்ல இருக்க சீனிய மீட்டர் ரத்தத்துல இருக்கதா எண்ணிரும். கைய கழுவி ஈரம் போக தொடச்சிட்டு குத்துங்க, வழியில்லன்னா மொத துளிய தொடச்சிட்டு ரெண்டாவத வைங்க. ஆனா ரெண்டு விரல்ல 168, 181ன்னு வந்தா பயப்படாதீங்க, நூறுக்கு மேல 15 சதவீதம் முன்னபின்ன வரதுக்கு மீட்டருக்கு அனுமதியே உண்டு.

நாகர்கோவில் அண்ணன்: இன்சுலின் பென் ஊசிய அஞ்சாறு நாள் போடுதேன். வயித்துல தொப்புள் பக்கம் மெத்து மெத்துன்னு ஒரு தடிப்பு, அங்க குத்துனா வலியே இல்ல, அதனால அங்கயே போடுதேன்.

இதாக்கும் நான் பயந்த கேள்வி. ஒரே இடத்துல, அதுவும் மழுங்குன ஊசில திரும்பத் திரும்ப குத்தி கொழுப்பு திரண்டு போச்சு. வலிக்காதுன்னு நீங்க அங்க போடுத இன்சுலின் ஒரு நாள் உறிஞ்சும், ஒரு நாள் அப்படியே கெடக்கும், அதனால சுகர் காரணமே இல்லாம ஏறி எறங்கும். இனி அந்த இடத்த விட்டுரணும், தினம் ஒரு விரக்கட தள்ளித் தள்ளி போடணும். ஆனா அண்ணே, இத கவனமா கேளுங்க, நல்ல இடத்துக்கு மாறுன உடனே அதே டோஸ் முழுசா ஏறி சுகர் தாந்து போகலாம், அதனால டாக்டர்ட்ட சொல்லிட்டு மாறுங்க. ஊசிய பென்லயே மாட்டி வைக்காதீங்க, காத்து உள்ள போகும், மருந்தும் ஒழுகும்.

கருங்கல் தங்கச்சி: பென் ஊசி தீந்துட்டு, பென்ல இருக்கதயே சிரிஞ்சுல எடுத்து எங்க அம்மைக்கு போட்டேன், உடம்பு வேர்த்து நடுங்கிட்டு.

சிவப்பு மூடி சிரிஞ்சா? அது ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள இன்சுலின் குப்பிக்கு உள்ளது, பென்ல இருக்கது மில்லிக்கு 100. அதுல 10 கோடு வர எடுத்தா உள்ள போனது 25 யூனிட். கடவுள் காப்பாத்துனாரு. அப்படி சுகர் தாந்து நடுங்குனா, முழிப்பா இருந்தா, மூணு ஸ்பூன் சீனி கரைச்சு குடுத்து 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க, மயங்கிட்டா வாயில ஒண்ணும் ஊத்தாம ஆஸ்பத்திரிக்கு கொண்டு போங்க, 108-க்கு அடிங்க.

திங்கள்சந்தை அண்ணன்: பழைய ஊசிய எல்லாம் விளையில தென்னை மூட்டுல போட்டுருவேன், மண்ணு தின்னுரும்லா?

தின்னாது, துருப்புடிச்சு அங்கேயே நிக்கும். விடியக்கால தலையில லைட்ட கட்டிட்டு பால் வெட்டப் போறவங்களும், தேங்கா பொறுக்க வர பிள்ளையளும் வெறுங்காலுல நடக்குத இடம் அண்ணே. ஃபினாயில் கேன் மாதிரி கட்டியான பிளாஸ்டிக்குல போட்டு மூடி வைங்க, முக்கால் பங்கு ஆனதும் டேப் ஒட்டி மேல ‘ஊசி’ன்னு எழுதி, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல வாங்குவாங்களான்னு கேட்டுப் பாருங்க. தண்ணி பாட்டில் வேண்டாம், அத ஊசி துளச்சிரும். தென்னை மூட்டுல ஏற்கனவே போட்டத சாவகாசமா ஒரு பகல்ல செருப்பு போட்டு, இடுக்கி வச்சு பொறுக்கி எடுங்க.