பிசிஆரில் பாப்-ஏ வருகிறது, லூயிஸ்-பி பூசிய தட்டில் ஒட்டவில்லை: ஏன்?

பாப்-ஏ என்பது ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற வயிற்றுப் பாக்டீரியாவின் ஒட்டுப் புரதம்; இரைப்பைச் செல்களில் உள்ள லூயிஸ்-பி சர்க்கரையைப் பிடிக்கும். பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கும் சோதனை) பட்டை அதன் மரபணு இருப்பதற்குத்தான் சான்று. புரதம் வெளிச்சவ்வில் இருக்கிறது என்பதற்கு அல்ல. உங்கள் ஹெலிகோபாக்டர் பைலோரி பாப்-ஏ-வை இழந்திருக்கலாம்.

திரும்பத் திரும்ப வளர்த்திருந்தால் சந்தேகம் கூடும். மறுசேர்க்கையில் (ஒத்த டிஎன்ஏ பகுதிகள் கலப்பதில்) பாப்-ஏ இடத்தில் அதை ஒத்த பாப்-பி மரபணுவின் வரிசை ஏறிக்கொள்ளும். இரண்டின் முனைகளும் ஏறக்குறைய ஒன்றே. ப்ரைமர் (பெருக்கலைத் தொடங்கும் சிறு டிஎன்ஏ துண்டு) அங்கே அமர்ந்தால் இரண்டும் பெருகும், ஏமாந்துபோவோம்.

1. மைனஸ் 80 டிகிரி செல்சியஸில் உறைய வைத்துள்ள ஆரம்ப மாதிரியையும் இப்போதைய வளர்ப்பையும் அடுத்தடுத்து வைத்து வெஸ்டர்ன் பிளாட் (புரதத்தை ஆன்டிபாடியால் காணும் சோதனை) போடுங்கள். பாப்-ஏ 75–80 கிலோடால்டன் அருகே தெரிய வேண்டும்.

2. தெரிந்தும் ஒட்டவில்லையா? கழுவும் கரைசலின் பிஹெச் பாருங்கள். அமிலத்தில் இந்தப் பிணைப்பு விட்டுப்போகும், நடுநிலைக்கு வந்தால் மீளும்.

ஏஜிஎஸ் (இரைப்பைப் புற்றுநோய்) செல்லில் ஒட்டுகிறதே என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். அங்கே ஹாப்-க்யூ என்ற வேறொரு ஒட்டுப் புரதம், செல்லின் சீகாம் ஏற்பிகளைப் பிடித்தே வேலையை முடித்துவிடும்.